ஃபயர்வாலுக்கு நம் வீடு எது என்று சொல்லிக்கொடுப்பது: கிளவுட் பாலிசி மாறிகளை அமைக்க ஒரு வழிகாட்டி

எங்கள் சித்தூர் தாலுகாவில் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு சங்கதி சொல்வார்கள். சித்தூர் 1949 வரை கொச்சி ராஜ்யம், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி. பக்கத்தில் இருக்கும் பாலக்காடோ மதராஸின் மலபார் ஜில்லா. அந்தக் காலத்தில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்குப் போனாலும் எல்லை தாண்டியதாகக் கணக்கு, கோயம்புத்தூருக்குப் போனாலும் எல்லை தாண்டியதாகக் கணக்கு. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்ததும் பாலக்காடு உள்ளே வந்துவிட்டது, கோயம்புத்தூர் வெளியே நின்றுவிட்டது. வீடு, தோட்டம், கிணறு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. எது உள்ளே, எது வெளியே என்கிற பட்டியல் மட்டும் மாறியது.

கிளவுட் நெட்வொர்க் ஃபயர்வாலுக்குள்ளும் (எந்தப் போக்குவரத்தை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவல் அது) அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் பெயர் ஹோம் நெட். நாம் எழுதும் விதிகளில் பெரும்பாலானவை "உள்ளிருந்து வெளியே போகும் போக்குவரத்தை இப்படிச் செய்" என்ற வடிவில்தான் இருக்கும். உள்ளே என்றால் எந்த முகவரிகள் என்பதை அந்தப் பட்டியல்தான் ஃபயர்வாலுக்குச் சொல்கிறது. பட்டியல் தப்பாக இருந்தால் விதிகளை எவ்வளவு கவனமாக எழுதியும் பயனில்லை. கிளவுட் வேலைக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் விதி எழுதுவதற்கு நாள் கணக்கில் செலவழித்துவிட்டு, இந்த ஒரு பட்டியலைப் பார்க்காமலே விடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நானும் விட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது அமேசான் வெப் சர்வீசஸின் நெட்வொர்க் ஃபயர்வால். 2020 நவம்பரில் வந்தது. உள்ளே ஓடுவது சூரிகாட்டா என்கிற திறந்த மூல எஞ்சின். சூரிகாட்டாவைத் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை முன்பே தெரிந்திருக்கும். ஆனால் அப்படித் தெரிந்திருப்பதே ஓரிடத்தில் காலை வாரிவிடும். அது எந்த இடம் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு சொல் குறிப்பு. மாறி என்பது ஒரு முகவரிப் பட்டியலுக்கோ போர்ட் பட்டியலுக்கோ வைக்கும் பெயர். இந்தக் கட்டுரையில் மாறிகளின் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன். திரையில் தட்டும்போது அவை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். ஹோம், நெட் என்ற இரு சொற்களுக்கும் நடுவே இடைவெளி கிடையாது, அடிக்கோடு வரும். விதிக்குள் பயன்படுத்தும்போது முன்னால் ஒரு டாலர் குறி சேரும்: $ஹோம்_நெட். அதே மாதிரி $எக்ஸ்டர்னல்_நெட் என்பது வெளி உலகம். உள்ளே என்று சொல்லப்படாதது எல்லாம் அதில் அடங்கும்.

நான் தவறிய இடம்

தேங்காய், பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற ஒருவருக்காகச் செய்த வேலை அது. அலுவலகம் கொழிஞ்சாம்பாறையில், கிளை பொள்ளாச்சியில். பில் போடும் சர்வர்களும் குடோன் இருப்புக் கணக்கு சர்வர்களும் மும்பை ரீஜனில் தனித்தனி விபிசிகளில், அதாவது கிளவுடில் நமக்கென்று பிரித்த தனி நெட்வொர்க்குகளில், இருந்தன. இரண்டுக்கும் பொதுவாக நடுவில் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் விபிசி வைத்து, அதற்குள் ஃபயர்வாலை நிறுத்தி, எல்லாவற்றையும் டிரான்சிட் கேட்வே (விபிசிகளையும் அலுவலகங்களையும் இணைக்கும் நடு ரவுட்டர்) வழியாக இணைத்திருந்தோம். முகவரிகளை இப்படி வைத்துக்கொள்வோம், கட்டுரை முழுக்க இதையே பயன்படுத்துகிறேன்:

இன்ஸ்பெக்‌ஷன் விபிசி: 10.100.0.0/24
பில்லிங் விபிசி: 10.20.0.0/16
குடோன் விபிசி: 10.30.0.0/16
கொழிஞ்சாம்பாறை அலுவலகம், விபிஎன் வழியாக: 192.168.10.0/24
பொள்ளாச்சிக் கிளை, விபிஎன் வழியாக: 192.168.20.0/24

வேண்டிய டொமைன்களை மட்டும் திறந்துவிடும் ஓர் அனுமதிப் பட்டியலை ரூல் குரூப்பாக (விதிகளின் தொகுப்பாக) போட்டோம். வரி தாக்கல் தளம், வங்கி, ஆபரேட்டிங் சிஸ்டம் அப்டேட் வரும் இடங்கள், அவ்வளவுதான். கன்சோலில் எல்லாம் பச்சை. பில் ஓடியது, வங்கி திறந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்று வாரம் கழித்து, கூட வேலை செய்த தம்பி ஒருவர் பில்லிங் சர்வரில் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தார். "அண்ணா, லிஸ்ட்ல இல்லாத சைட்டும் தொறக்குதுங்களே?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். ஒன்றுகூடத் தடுக்கப்படவில்லை. மூன்று வாரமாக ஃபயர்வால் வெறும் குழாயாகத்தான் இருந்திருக்கிறது.

காரணம் இதுதான். டொமைன் பட்டியலைக் கொடுத்தால், ஃபயர்வால் அதை உள்ளுக்குள் சூரிகாட்டா விதிகளாக மாற்றிக்கொள்கிறது. அந்த விதிகள் எல்லாம் $ஹோம்_நெட்டிலிருந்து புறப்பட்டு $எக்ஸ்டர்னல்_நெட்டுக்குப் போகிற போக்குவரத்தை மட்டுமே பார்க்கும். ஹோம் நெட் எது என்று நாம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் ஃபயர்வால் தான் நிற்கிற விபிசியின் முகவரியை, அதாவது 10.100.0.0/24-ஐ மட்டும், வீடு என்று எடுத்துக்கொள்ளும். பில்லிங் சர்வரின் 10.20.5.14 அதன் கண்ணுக்கு வெளியாள். வெளியாள் வெளியே போகிறார், இதற்கு விதி ஏதும் இல்லை. எந்த விதியிலும் படாததைக் கடைசியில் தடுக்கும்படியும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. அதனால் எல்லாம் கடந்து போனது.

முன்னால் சொன்ன, சூரிகாட்டா தெரிந்தவர்கள் சறுக்கும் இடம் இதுதான். சூரிகாட்டாவை நம் மடிக்கணினியில் நிறுவினால், அதனுடன் வரும் அமைப்புக் கோப்பில் ஹோம் நெட் ஏற்கெனவே 192.168.0.0/16, 10.0.0.0/8, 172.16.0.0/12 என்ற மூன்று தனியார் முகவரித் தொகுதிகளாக எழுதப்பட்டிருக்கும். அங்கே பழகியவர் கிளவுடிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுவார். நான் அப்படித்தான் நம்பினேன். அமேசானின் ஃபயர்வாலில் இயல்பு மதிப்பு ஃபயர்வால் இருக்கும் விபிசி மட்டுமே. ஒரே விபிசிக்குள் சர்வரும் ஃபயர்வாலும் சேர்ந்து இருந்தால் இது தானாகவே சரியாக அமைந்துவிடும். நடுவில் வைத்துப் பொதுவாக்கினால் அமையாது.

முதலில் காகிதம்

கன்சோலைத் திறக்கும் முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஃபயர்வால் வழியாகப் போகப்போகும் நம்முடைய முகவரிகள் எவை எவை என்று எழுதுங்கள். பெரும்பாலோர் விபிசிகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். விட்டுப்போவது எப்போதும் ஓரத்தில் இருப்பவைதான்.

ஒரு விபிசிக்கு முதல் தொகுதி போதாமல் பின்னால் இரண்டாவது முகவரித் தொகுதி சேர்த்திருப்பார்கள், அதை மறந்துவிடுவோம். கண்டெய்னர் ஓட்டுகிற இடங்களில் பாட்களுக்கு (கண்டெய்னர்கள் ஓடும் அலகுகளுக்கு) 100.64.0.0/10-க்குள்ளிருந்து முகவரி கொடுத்திருப்பார்கள். அது அந்த மூன்று தனியார் தொகுதிகளில் எதிலும் சேராது. விபிஎன் வழியாக வரும் அலுவலக முகவரிகள் கிளவுட் கன்சோலில் விபிசியாகத் தெரியாது என்பதால் அவையும் விடுபடும்.

விபிஎன் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.1.0/24 அல்லது 192.168.0.0/24 என்ற முகவரியோடுதான் வரும். கொழிஞ்சாம்பாறையிலும் பொள்ளாச்சியிலும் ஒரே முகவரி இருந்தால் டிரான்சிட் கேட்வே எந்தப் பக்கம் அனுப்புவது என்று தடுமாறும். முதலில் அதைப் பிரித்து வையுங்கள். மேலே 192.168.10, 192.168.20 என்று நான் பிரித்திருப்பது அதற்காகத்தான். இதைச் செய்யாமல் மாறிகளுக்குப் போகவே கூடாது.

அடுத்து, நாட் கேட்வே (உள் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி வெளியே அனுப்பும் இடம்) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சர்வரிலிருந்து புறப்படும் பாக்கெட் முதலில் ஃபயர்வாலைத் தொட்டு, அப்புறம் நாட் கேட்வேக்குப் போக வேண்டும். வரிசை தலைகீழாக இருந்தால் ஃபயர்வாலுக்குத் தெரிவது நாட் கேட்வேயின் முகவரி மட்டும்தான். எந்த சர்வர் அனுப்பியது என்பது அங்கேயே அழிந்துபோகும். பிறகு ஹோம் நெட்டில் எதை எழுதினாலும் பயனில்லை.

எவ்வளவு அகலமாக எழுதுவது?

பலர் செய்வது 10.0.0.0/8 என்று ஒரே அடியாக எழுதிவிடுவது. நாளைக்குப் புது விபிசி வந்தாலும் அதற்குள் அடங்கிவிடும், பட்டியலைத் தொடவே வேண்டாம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆட்கள் குறைவாக இருக்கும் இடத்தில் மறந்துபோகும் ஆபத்தைவிட இது தேவலை.

ஆனாலும் நான் உள்ளதை உள்ளபடி எழுதும் கட்சி. வணிகக் கூட்டாளி ஒருவர் நம் நெட்வொர்க்கோடு இணைகிறார், அவருடைய முகவரி 10.200.0.0/16 என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலமாக எழுதியிருந்தால் அவரும் அன்றைக்கே நம் வீட்டு ஆள் ஆகிவிடுவார். உள்ளிருந்து வெளியே என்று எழுதிய எந்த விதியும் நமக்கும் அவருக்கும் இடையிலான போக்குவரத்தைப் பார்க்காது. ஃபயர்வாலுக்கு இரண்டு முனையும் வீடுதானே.

இதே காரணத்தால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பில்லிங், குடோன் இரண்டும் ஹோம் நெட்டில் இருக்கின்றன. ஆகவே பில்லிங்கிலிருந்து குடோனுக்குப் போகும் போக்குவரத்து ஹோம்-லிருந்து எக்ஸ்டர்னலுக்கு என்ற விதியில் படாது. அதைக் கட்டுப்படுத்தத் தனி மாறிகள் வேண்டும், கீழே வருகிறது.

0.0.0.0/0 என்று மட்டும் ஹோம் நெட்டில் எழுதிவிடாதீர்கள். உலகமே வீடு என்றால் வெளியே என்று மிஞ்சுவது எதுவும் இல்லை. எக்ஸ்டர்னல் நெட் காலியாகிவிடும், அதை நம்பிய விதிகளும் செத்துப்போகும்.

எங்கே எழுதுவது: பாலிசியிலா, ரூல் குரூப்பிலா?

இரண்டு இடத்தில் எழுத முடியும், இரண்டுக்கும் வேலை வேறு.

பாலிசி என்பது ஃபயர்வாலோடு ஒட்டப்படும் முழு ஏற்பாடு. அதற்குள் பல ரூல் குரூப்புகள் இருக்கும். பாலிசி மட்டத்தில் நாம் மாற்றக்கூடியது ஹோம் நெட் ஒன்றுதான். அதை ஒரு தடவை எழுதினால் உள்ளே இருக்கும் எல்லா ரூல் குரூப்புகளுக்கும் போய்ச் சேரும். அமேசானே பராமரிக்கும் தயார் ரூல் குரூப்புகளைச் சேர்த்திருந்தால் இது இன்னும் முக்கியம். அவற்றைத் திறந்து உள்ளே ஹோம் நெட்டை எழுத நமக்கு வழியில்லை. பாலிசியில் எழுதினால்தான் அவற்றுக்கு நம் வீடு எது என்று தெரியும். இதைச் செய்யாமல் தயார் ரூல் குரூப்புகளைச் சேர்த்துவிட்டு, பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும் ஏற்பாடுகள் எத்தனையோ இருக்கும் என்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிற விஷயம்.

ரூல் குரூப் மட்டத்தில் நமக்குப் பிடித்த பெயரில் எத்தனையோ மாறிகள் வைத்துக்கொள்ளலாம். ஹோம் நெட்டையே அங்கே மறுபடியும் எழுதவும் செய்யலாம். அப்படி எழுதினால் அந்த ரூல் குரூப்புக்கு மட்டும் அதுவே செல்லும், பாலிசியில் எழுதியது செல்லாது. என் யோசனை: ஹோம் நெட்டைப் பாலிசியில் மட்டும் வையுங்கள். ஏதாவது ஒரு ரூல் குரூப்பில் தனியாக எழுதியே தீர வேண்டும் என்றால், அந்த ரூல் குரூப்பின் விவரக் குறிப்பில் ஏன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் பாலிசியில் மாற்றிவிட்டு, இங்கே மட்டும் ஏன் மாறவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்.

பாலிசியில் எழுதும் விதம்

விபிசி கன்சோலுக்குப் போங்கள். இடது பக்கப் பட்டியலில் நெட்வொர்க் ஃபயர்வால் என்ற தலைப்பின் கீழ் ஃபயர்வால் பாலிசிஸ் இருக்கும். புதிதாக உருவாக்குகிறீர்கள் என்றால் பெயர், ரூல் குரூப்புகள் எல்லாம் தாண்டி அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் என்ற படியில் பாலிசி வேரியபிள்ஸ் என்ற பெட்டி வரும். கட்டாயமில்லை என்று போட்டிருப்பதால் எல்லோரும் அடுத்து என்று அழுத்திவிட்டுப் போவது இந்தப் படியில்தான். ஏற்கெனவே உள்ள பாலிசி என்றால் அதைத் திறந்து, பாலிசி வேரியபிள்ஸ் பகுதியில் எடிட் அழுத்துங்கள்.

பெட்டிக்குள் தாளில் எழுதிய முகவரிகளைச் சைடர் வடிவில், அதாவது முகவரியும் / குறிக்குப் பின் ஓர் எண்ணுமாக, இடுங்கள். நம் உதாரணத்தில் 10.20.0.0/16, 10.30.0.0/16, 192.168.10.0/24, 192.168.20.0/24. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நாம் எழுதியவுடன் இயல்பு மதிப்பு போய்விடும். அதாவது இன்ஸ்பெக்‌ஷன் விபிசியான 10.100.0.0/24 இனி தானாக வீட்டில் சேராது. அதற்குள் ஏதாவது சர்வர் இருந்தால் அதையும் பட்டியலில் சேர்த்து எழுதுங்கள். நான் எப்போதும் சேர்த்துவிடுவேன்.

சைடர் எழுதும்போது பின்னால் வரும் எண்ணைக் கவனியுங்கள். /16 என்றால் 65,536 முகவரிகள், /24 என்றால் 256. 10.20.0.0/24 என்று கை தவறி எழுதினால் பில்லிங் விபிசியில் 10.20.0-வில் தொடங்குவது மட்டும் உள்ளே, 10.20.5.14 வெளியே. எழுத்துப்பிழை மாதிரி இது கண்ணை உறுத்தாது. இரண்டு பேர் சேர்ந்து படித்துச் சரிபார்ப்பது நல்லது.

பாலிசி உருவாக்கும்போதே இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும், பின்னால் மாற்ற முடியாது: விதிகளை எந்த வரிசையில் பார்ப்பது என்பது. ஸ்ட்ரிக்ட் வரிசையைத் தேர்ந்தெடுத்து, கடைசி நடவடிக்கையாக டிராப் எஸ்டாபிளிஷ்டு என்பதை வையுங்கள். நாம் எழுதிய வரிசையிலேயே விதிகள் பார்க்கப்படும், எதிலும் படாதது தடுக்கப்படும். மாறிகள் பற்றிய கட்டுரையில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் மூன்று வாரம் ஏமாந்ததற்கு இதுவும் காரணம். இந்த அமைப்பு இருந்திருந்தால், ஹோம் நெட் தப்பாக இருந்த அன்றே வங்கித் தளம் திறக்காமல் போயிருக்கும், வியாபாரி அரை மணி நேரத்தில் போன் போட்டிருப்பார். தப்பு நடந்தால் உடனே சத்தம் கேட்கும்படி ஏற்பாடு செய்வதுதான் நல்லது.

நம் பெயரில் மாறிகள்

இப்போது ரூல் குரூப்புக்கு வருவோம். ஸ்டேட்ஃபுல் ரூல் குரூப் (இணைப்பின் நிலையை நினைவில் வைத்துப் பார்ப்பது) உருவாக்கும்போது சூரிகாட்டா விதி எழுதும் வடிவைத் தேர்ந்தெடுத்தால் ரூல் வேரியபிள்ஸ் என்ற பகுதி கிடைக்கும். அங்கே முகவரிகளுக்கு ஐபி செட், போர்ட்களுக்கு (சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்களுக்கு) போர்ட் செட் என்று இரண்டு வகை.

பெயர் ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும். எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் வரலாம். 32 எழுத்துக்குள் முடிய வேண்டும். பெயரைப் பார்த்தால் அது என்ன என்று தெரிய வேண்டும். சர்வர்1, சர்வர்2 என்று வைக்காதீர்கள். நான் வைப்பது இப்படி:

ஐபி செட் பில்லிங்: 10.20.0.0/16
ஐபி செட் குடோன்: 10.30.0.0/16
ஐபி செட் ஆபீஸ்கள்: 192.168.10.0/24, 192.168.20.0/24
போர்ட் செட் டிபி_போர்ட்கள்: 3306, 5432

3306 மைஎஸ்க்யூஎல், 5432 போஸ்ட்கிரெஸ். தொடர்ச்சியான போர்ட்கள் வேண்டுமென்றால் நடுவில் முக்காற்புள்ளி: 8000:8010.

இனி விதி. பில்லிங் சர்வர்கள் குடோன் டேட்டாபேஸைத் தொடலாம், அலுவலகக் கணினிகள் நேரடியாகத் தொடக்கூடாது என்பது நம் தேவை. முதல் விதியைத் தமிழில் ஒலிபெயர்த்தால் இப்படி இருக்கும்:

பாஸ் டிசிபி $பில்லிங் எனி -> $குடோன் $டிபி_போர்ட்கள்

இரண்டாவது:

டிராப் டிசிபி $ஆபீஸ்கள் எனி -> $குடோன் $டிபி_போர்ட்கள்

ஒவ்வொன்றின் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் செய்தியும் எஸ்ஐடி என்ற விதியின் அடையாள எண்ணும் வரும். ஒரே ரூல் குரூப்பில் இரண்டு விதிக்கு ஒரே எஸ்ஐடி இருக்கக்கூடாது. செய்தியில் யாருக்கும் புரியும்படி எழுதுங்கள், லாகில் நாளைக்கு வரப்போவது அதுதான்.

மாறி இல்லாமல் முகவரியை நேரடியாக விதியிலேயே எழுதினால் என்ன என்று கேட்கலாம். இரண்டு விதி இருக்கும்வரை ஒன்றும் இல்லை. நாற்பது விதி ஆனபின் குடோனுக்கு இன்னொரு முகவரித் தொகுதி சேர்ந்தால் நாற்பது இடத்தில் திருத்த வேண்டும், முப்பத்தொன்பதில்தான் திருத்துவோம்.

விதியில் $ போட்டு எழுதிய பெயர் மேலே மாறியாக எழுதப்படாமல் இருந்தால் ரூல் குரூப்பைச் சேமிக்கவே விடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டையும் பாருங்கள். பிழைச் செய்தி வந்தால் பாதி நேரம் காரணம் இதுதான்.

ரூல் குரூப் உருவாக்கும்போது கப்பாசிட்டி என்று ஓர் எண் கேட்கும். சூரிகாட்டா வடிவில் ஒரு விதிக்கு ஒன்று என்று கணக்கு. பின்னால் கூட்ட முடியாது, ஆகவே பத்து விதி எழுதப்போகிறீர்கள் என்றால் நூறு என்று கொடுத்து வையுங்கள். ஒரு பாலிசிக்கு மொத்த வரம்பு 30,000 என்பதால் தாராளமாகக் கொடுக்கலாம்.

சூரிகாட்டா வடிவு வேண்டாம், டொமைன் பட்டியல் மட்டும் போதும் என்பவருக்கு: அந்த வடிவிலும் சோர்ஸ் ஐபி எது என்று கேட்கும். டிஃபால்ட், கஸ்டம் என்று இரண்டு தேர்வு. பாலிசியில் ஹோம் நெட் எழுதியாயிற்று என்றால் டிஃபால்ட்டே போதும். கஸ்டம் கொடுத்தால் அது அந்த ரூல் குரூப்பின் சொந்த ஹோம் நெட் ஆகிவிடும்.

அடிக்கடி மாறும் பட்டியலா?

கிளைகள் கூடிக்கொண்டே போகும் வியாபாரம் என்றால் ஆபீஸ்கள் என்ற ஐபி செட்டை வாரா வாரம் திருத்த வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக விபிசி கன்சோலில் ஒரு பிரிஃபிக்ஸ் லிஸ்ட் (பெயரிட்டு வைத்த முகவரித் தொகுதிகளின் பட்டியல்) உருவாக்கி, ரூல் குரூப்பில் ஐபி செட் ரெஃபரன்ஸ் பகுதியில் அதை இணைத்துவிடலாம். இப்படி இணைத்த பெயரை விதியில் எழுதும்போது $ அல்ல, @ குறி போட வேண்டும். பிரிஃபிக்ஸ் லிஸ்ட்டில் ஒரு கிளையைச் சேர்த்தால் ஃபயர்வால் தானே எடுத்துக்கொள்ளும், ரூல் குரூப்பைத் தொட வேண்டியதில்லை. அதே லிஸ்ட்டை ரூட் டேபிளிலும் செக்யூரிட்டி குரூப்பிலும் பயன்படுத்தலாம் என்பது கூடுதல் வசதி. புதிதாக ஆரம்பிப்பவர் முதல் நாளே இதற்குள் போக வேண்டாம். சாதாரண ஐபி செட் கையில் பழகிய பின் மாறிக்கொள்ளலாம்.

கட்டளை வரியில் செய்பவருக்கு ஓர் எச்சரிக்கை. பாலிசியைத் திருத்தும் கட்டளை, நாம் கொடுத்த பகுதியை மட்டும் திருத்துவதில்லை. முழுப் பாலிசியையும் நாம் அனுப்புவதாக மாற்றி எழுதுகிறது. மாறியை மட்டும் எழுதி அனுப்பினால் ரூல் குரூப்புகள் போய்விடும். ஆகவே முதலில் டிஸ்கிரைப் கட்டளையால் இப்போதுள்ள முழுப் பாலிசியை ஜேசன் கோப்பாக இறக்கி, ஒரு நகல் எடுத்து வைத்து, நகலில் திருத்தி, முழுதாக அனுப்புங்கள். டிஸ்கிரைப் செய்யும்போது ஓர் அப்டேட் டோக்கன் வரும், அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். நடுவில் வேறு யாராவது பாலிசியை மாற்றியிருந்தால் பழைய டோக்கன் செல்லாது. ஒருவர் வேலையை இன்னொருவர் அழித்துவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

சோதிக்காமல் போகாதீர்கள்

பச்சை விளக்கு வந்தால் ஃபயர்வால் உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். சரியாகத் தடுக்கிறதா என்று அது சொல்லாது.

பில்லிங் சர்வருக்குள் போய், அனுமதித்த டொமைன் ஒன்றையும், அனுமதிக்காத எக்ஸாம்பிள் டாட் காமையும் கர்ல் கட்டளையால் தொட்டுப் பாருங்கள். முதலாவது திறக்க வேண்டும், இரண்டாவது திறக்கக்கூடாது. இரண்டையும் பார்க்க வேண்டும். திறக்க வேண்டியது திறக்கிறதா என்று மட்டும் நான் பார்த்ததால்தான் மூன்று வாரம் போனது. பிறகு குடோன் சர்வரிலிருந்து, கொழிஞ்சாம்பாறையிலிருந்து, பொள்ளாச்சியிலிருந்து என்று தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை. ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் இணைப்பை வைத்துச் சோதிக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாக இணைத்துப் பாருங்கள். மாற்றம் செய்தவுடன் சிறிது நேரம் கொடுங்கள்.

லாகை இயக்கி வைத்திருக்க வேண்டும். அலர்ட் லாகை அமேசானின் கிளவுட்வாட்ச் என்ற பதிவுச் சேவைக்கோ எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புக்கோ அனுப்பலாம், பழகும் நாட்களில் கிளவுட்வாட்ச் வசதி. டிராப் விதியில் பட்டுத் தடுக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு வரும். கடைசி நடவடிக்கையால் தடுக்கப்பட்டவையும் பதிவாக, பாலிசியில் டிராப் எஸ்டாபிளிஷ்டோடு அலர்ட் எஸ்டாபிளிஷ்டையும் சேர்த்து வைக்க வேண்டும். அதில் சோர்ஸ் ஐபி என்ற இடத்தில் 10.20.5.14 மாதிரி சர்வரின் சொந்த முகவரி தெரிய வேண்டும். வேறு முகவரி தெரிந்தால் மேலே சொன்ன நாட் கேட்வே வரிசைக் கோளாறு. இன்னொன்று, பாஸ் விதியில் பட்டுக் கடந்தவை அலர்ட் லாகில் வராது. ஒன்றும் வரவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதியைச் சொல்கிறேன். எந்த ஏற்பாடு செய்தாலும் முதல் வாரம் இதைப் போட்டு வைப்பேன்:

அலர்ட் டிசிபி !$ஹோம்_நெட் எனி -> !$ஹோம்_நெட் எனி

ஆச்சரியக்குறிக்கு "அல்லாத" என்று பொருள். வீட்டு ஆள் அல்லாத ஒருவர், வீட்டு ஆள் அல்லாத இன்னொருவரோடு, நம் ஃபயர்வால் வழியாகப் பேசுகிறார் என்றால் எச்சரி. யோசித்துப் பாருங்கள், இது நடக்கவே கூடாது. நம் ஃபயர்வால் வழியாகப் போகும் எதற்கும் ஒரு முனையாவது நம்முடையதாக இருக்க வேண்டும். இந்த எச்சரிக்கை வந்தால் நம் முகவரி ஒன்று பட்டியலில் விடுபட்டிருக்கிறது என்று பெரும்பாலும் உறுதி. அந்தப் பதிவின் சோர்ஸ் ஐபியைப் பார்த்தால் விடுபட்டது எது என்றும் தெரிந்துவிடும். மறந்துபோன இரண்டாவது தொகுதி, கண்டெய்னர் பாட்கள், யாரோ அவசரத்துக்கு இணைத்த சோதனை விபிசி எல்லாம் இதில்தான் வெளிப்படும். ஸ்ட்ரிக்ட் வரிசையில் இதை முதல் ரூல் குரூப்பில் வையுங்கள். விதியின் விவரத்தில் ஃப்ளோ டு சர்வர் என்று சேர்த்தால் இணைப்பைத் தொடங்கிய பக்கம் மட்டும் பதிவாகும், லாக் ஊதாது. ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை என்றால் எடுத்துவிடலாம். எடுக்காமல் வைத்தாலும் நஷ்டமில்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் சில இணைப்புகள் மட்டும் அப்படியே தொங்கி நின்றால், மாறிகளை நோண்டுவதை நிறுத்திவிட்டு டிரான்சிட் கேட்வேயில் இன்ஸ்பெக்‌ஷன் விபிசி அட்டாச்மென்ட்டுக்கு அப்ளையன்ஸ் மோடு (போகும் பாக்கெட்டையும் வரும் பாக்கெட்டையும் ஒரே வழியில் அனுப்பும் அமைப்பு) இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போகும் பாக்கெட் ஒரு அவெய்லபிலிட்டி ஜோன் (ரீஜனுக்குள் தனியாக இருக்கும் தரவு மையப் பகுதி) வழியாகவும், வரும் பாக்கெட் இன்னொன்று வழியாகவும் வந்தால் ஃபயர்வால் பாதி உரையாடலைத்தான் பார்க்கும், பார்த்தது விளங்காமல் தடுத்துவிடும்.

வேறு கிளவுட்காரர்களுக்கு

அஷூரில் ஐபி குரூப் என்றும், கூகுள் கிளவுடில் அட்ரஸ் குரூப் என்றும் இதே மாதிரி பெயரிட்ட முகவரிப் பட்டியல்கள் உண்டு. ஹோம் நெட்டுக்கு நேரான ஒன்று அஷூர் ஃபயர்வாலின் பிரீமியம் வகையில் இருக்கிறது. ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் பகுதியில் பிரைவேட் ஐபி ரேஞ்சஸ் என்ற அமைப்பு. சொல்லாவிட்டால் அந்த மூன்று தனியார் தொகுதிகளை மட்டும் உள்ளே என்று எடுத்துக்கொள்ளும். 100.64-ல் உங்கள் சர்வர்கள் இருந்தால் அங்கேயும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பழகிப் பார்க்க மட்டும் ஃபயர்வால் போடுகிறவர்கள் செலவையும் கவனியுங்கள். எண்ட்பாயிண்ட் (போக்குவரத்து ஃபயர்வாலுக்குள் நுழையும் வாயில்) ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் கட்டணம் ஓடும், போக்குவரத்து ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஓடும். சாயங்காலம் பழகி முடித்ததும் ஃபயர்வாலை அழித்துவிடுங்கள். டிலீட் புரொடெக்‌ஷன் இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும், அதற்கும் முன்னால் ரூட் டேபிளில் எண்ட்பாயிண்டைக் காட்டும் வரிகளை எடுக்க வேண்டும். பாலிசியும் ரூல் குரூப்பும் அப்படியே இருக்கட்டும், எழுதிய மாறிகள் மறுநாள் கை கொடுக்கும்.

கடைசியாக அந்தத் தாள். அதை நான் இப்போது பாலிசியின் பெயரிலேயே ஒரு கோப்பாக வைத்து, ஒவ்வொரு முகவரிக்கும் எதிரில் எந்த இடம், எந்தத் தேதியில் சேர்த்தது, யார் சேர்த்தது என்று எழுதி வருகிறேன். புது விபிசியோ புதுக் கிளையோ வரும்போது வேலை இந்த வரிசையில் நடக்கும்: முதலில் கோப்பில் ஒரு வரி, அடுத்து பாலிசியின் ஹோம் நெட்டில் அந்த முகவரி, அதன் பிறகுதான் டிரான்சிட் கேட்வேயில் இணைப்பு. வேலந்தாவளத்தில் அந்த வியாபாரி புதிதாகக் கிளை திறந்தபோது 192.168.30.0/24 என்ற வரியை எழுதியது அன்றைக்கு லிஸ்ட்டில் இல்லாத சைட்டும் தொறக்குதுங்களே என்று கேட்ட அதே தம்பிதான்.